எலி மருந்து பீரோ

அந்த சோப்புக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, மெஷினைத் தொடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஸ்டோரில் போய் எதைக் கேட்டாலும் 'இல்ல' என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பி வருகிறவன் பிழைக்கத் தெரியாதவன். நின்றுகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கெஞ்ச வேண்டும், கொஞ்சம் முறைக்க வேண்டும், நடுவில் பேச்சை மாற்றி அவருடைய முட்டிவலியை விசாரிக்க வேண்டும். அதன் பிறகு, கேட்ட சாமான் எங்கிருந்தோ வந்துவிடும்.

ஸ்டோர்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் முதல் மாடியில் இருக்கும் கணக்குப்பிள்ளை வரை எல்லாருக்கும் அவர் இல்லையண்ணன். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். "அந்தப் பேராவது என்கிட்ட இருக்கட்டும்" என்பார். அவருடைய மனைவியும் அதே கம்பெனியில் பாக்கிங் பக்கம் வேலை பார்த்தார். அண்ணனின் மனைவி அண்ணி. அவ்வளவுதான், அவருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

சாமான் கொடுப்பதற்கு அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். பெல்ட் வேண்டுமா, அறுந்த பெல்ட்டைக் கொண்டுவந்து காட்டு. பேரிங் வேண்டுமா, தேய்ந்த பேரிங்கைக் கொண்டுவா. கொண்டுவந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். "இதை மெஷின்ல மாட்டி ஓட்டினியா, இல்ல பல்லால கடிச்சு இழுத்தியா?" என்று ஒரு கேள்வி கேட்பார். பார்த்து முடித்ததும், "குப்பையை இங்க விட்டுட்டுப் போகாதே, எடுத்துட்டுப் போ" என்று அதைத் திருப்பி விட்டெறிவார். பிறகு உள்ளே போய், சொத்தைப் பிரித்துக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதியதைக் கொண்டுவந்து வைப்பார்.

ஆனால் மனுஷன் கஞ்சன் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். "சாப்பிட்டாச்சா?" என்பார். ஆச்சு என்று சொன்னாலும் விடமாட்டார், பாதியை மூடியில் போட்டு நீட்டிவிடுவார். சோறு கேட்டால் உண்டு, வாஷர் கேட்டால் இல்லை. இப்படியும் ஒரு பிறவி.

அவர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. அதற்குக் காரணம் பழைய மேனேஜர் ஒருவர்.

அந்த மனிதருக்குச் சுத்தம் என்றால் உயிர். ஒருநாள் ஸ்டோருக்குள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். இரண்டு வருஷமாக யாரும் எடுக்காத சாமான் மேலெல்லாம் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். பொட்டு வைத்ததெல்லாம் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறியது. ஸ்பேர் என்றால் என்ன? வேண்டிய நாள் வரைக்கும் அசையாமல் கிடப்பதுதானே அதன் உத்தியோகம்? போன வருஷம் தீப்பிடிக்கவில்லை என்று மணல் வாளியை யாராவது தூக்கி எறிவார்களா? இதை அண்ணன் அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தார். அந்த மேனேஜர், "இனிமே யாரும் தயாரிக்காத சாமானை வச்சு நாம என்ன கொலுவா வைக்கப் போறோம்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

லாரி போன சூட்டோடு சூடாக மாமியார் படுத்துவிட்டது.

மாமியார் என்பது பாக்கிங் பக்கத்தில் இருந்த ஒரு மெஷின். மற்ற மெஷின்கள் சதுர சோப்பைப் பொட்டலம் போடும். இது வட்ட சோப்பைப் போடும். காகிதத்தைச் சுற்றி வளைத்து, சின்னச் சின்னக் கொசுவம் வைத்து, நடுவில் ஒரு வட்டச் சீட்டை ஒட்டி வெளியே தள்ளும். ஓடும்போது கடகடவென்று ஓயாமல் புலம்பும், யார் தொட்டாலும் குறை சொல்லி நிற்கும். அண்ணி தொட்டால் மட்டும் ஓடும். அண்ணி கல்யாணமாகி வருவதற்கு முன்பே அண்ணனின் அம்மா காலமாகிவிட்டார். "வீட்டுல இல்லாத குறையைக் கம்பெனி தீர்த்து வச்சிருக்கு" என்று அண்ணியே சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாமியாருக்குத்தான் உள்ளே ஒரு கியர் பல் உடைந்தது. மாற்றுக் கியர் லாரியில் போயிருந்தது. அண்ணன் பழைய இரும்புக் கடைக்கு ஓடினார். மலைபோலக் கிடந்த இரும்பை நாள் முழுக்கக் கிளறினார், முழங்கை வரை கிரீஸ் அப்பியதுதான் மிச்சம். புதுக் கியர் எங்கிருந்தோ வந்துசேரும் வரைக்கும் அண்ணியும் மற்ற பெண்களும் வட்ட சோப்பை ஒவ்வொன்றாகக் கையால் மடித்தார்கள். அந்தக் காகிதம் சாதாரணக் காகிதம் இல்லை, ஓரம் பிளேடு. அண்ணியின் விரல் நுனியெல்லாம் கீறல். சாப்பிட உட்கார்ந்தால் காரம் பட்டு விரலை உதறுவார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தன் சோற்றைப் பிசைந்து அண்ணியின் பக்கம் தள்ளிவைத்தார். அன்றைக்கு மனசுக்குள் ஒரு சபதம் போட்டுக்கொண்டார்.

அந்த மெஷினைச் செய்த கம்பெனி கொஞ்ச நாளில் கதவைச் சாத்திவிட்டது. சாத்துவதற்கு முன் மிச்சமிருந்த ஸ்பேரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் யார் யார் காலையோ பிடித்து ஒரு பெட்டி நிறைய வாங்கிப் போட்டார். அடுத்த தடவை சிவப்புப் பொட்டு வந்தபோது, "எல்லாம் கழிச்சாச்சு சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டு, அந்தச் சாமான் முழுவதையும் ஸ்டோரின் கடைசி மூலையில் இருந்த ஒரு பச்சை பீரோவுக்குள் கொண்டுபோய் அடுக்கினார். கதவின் மேல் பெரிய எழுத்தில் 'எலி மருந்து, தொடாதே' என்று எழுதினார். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். எலி மருந்தைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் ஆசை வரவில்லை. பச்சை பீரோவில் ருசி கண்ட கை சும்மா இருக்குமா? மற்ற மெஷின்களின் சாமானுக்கும் அவர் வாயில் 'இல்ல' ஒட்டிக்கொண்டது. பிறகு அது போகவே இல்லை.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது புது மேனேஜர் வந்தார். இந்தத் தடவை ஒரு பெண். கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். அறைக்குள் உட்கார்ந்து ஆள் அனுப்பாமல் தானே நடந்து வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போவார். நல்ல மனுஷி என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருநாள் காலையில் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார்.

"அந்த வட்ட சோப்பு மெஷினுக்கு, இனிமே யாரும் தயாரிக்காத சாமான் ஏதாவது உங்க கையில இருக்கா?"

இனிமே யாரும் தயாரிக்காத சாமான். கேட்டதும் அண்ணனின் காதில் லாரி இரைந்தது, கண்ணில் சிவப்புப் பொட்டு தெரிந்தது.

"இல்ல மேடம்."

"பெல்ட்? கியர்?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"அதைச் செஞ்ச கம்பெனியே இல்ல மேடம்."

மேனேஜர் யோசித்தபடி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "சரி, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பச்சை பீரோவைத் திரும்பிப் பார்த்து, தப்பித்தாய் பிழைத்தாய் என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அண்ணி ஸ்டோருக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் காகிதம் விரித்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுடைய வழக்கம். டப்பாவைத் திறந்துகொண்டே அண்ணி சொன்னார்.

"ஏங்க, நம்ம மாமியாரைக் கழிச்சுக் கட்டப் போறாங்களாம்."

அண்ணனுக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"மேடமே வந்து சொன்னாங்க. அதுக்கு ஒரு ஸ்பேர்கூட இல்லையாம். நடுவுல நின்னுடுச்சுன்னா சோப்பு வாங்குற ஆஸ்பத்திரிக்கெல்லாம் பதில் சொல்ல முடியாதாம். அதனால வட்ட சோப்பு இனிமே நம்ம கம்பெனியோட இன்னொரு ஃபேக்டரியில ஓடுமாம். அங்க புது மெஷின் இருக்கு, ஆனா வட்ட சோப்பு தெரிஞ்ச ஆள் இல்ல. என்னைப் போகச் சொல்றாங்க."

இன்னொரு ஃபேக்டரி என்றால் பக்கத்துத் தெரு இல்லை. ரயிலில் ஏறி ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். தங்குவதற்கு இடம் கொடுப்பார்கள், மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். போகமாட்டேன் என்றால் வேலை இல்லை.

"ஸ்பேர் இல்லைன்னு யாரு சொன்னாங்களாம்?" கேட்ட பிறகுதான் அண்ணனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஸ்டோர்ல சொன்னாங்களாம்," என்றார் அண்ணி, ஊறுகாயைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு. "அங்க யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு அண்ணி சாப்பாட்டில் கையை வைத்தார். திட்டியிருந்தால்கூட அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், எலி மருந்து பீரோ நின்றுகொண்டிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்று அண்ணிக்கும் தெரியும். தெரியும் என்பது அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு மென்று முழுங்கினார்.

போய் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். கழித்தாயிற்று என்று சொன்ன சாமான் எப்படி உயிரோடு வந்தது என்று கேட்பார்கள். இத்தனை வருஷம் பொய் சொன்னவனை ஸ்டோரில் வைத்திருப்பார்களா? வைத்திருந்தாலும், பீரோவைத் திறந்த மறுநாளே மறுபடி லாரி வந்து நின்றால்? அன்று சாயங்காலம் வரை ஜன்னலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் 'இல்ல' என்பதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினார். உடம்புக்கு முடியவில்லையோ என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஸ்டோரில் எந்தத் தட்டில் எந்த நட்டு இருக்கிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்கிற மனிதருக்கு, சொந்த வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாது. வீட்டு ஸ்டோருக்குப் பொறுப்பு அண்ணி.

"நல்லா பார்த்துக்கங்க. டீத்தூள் இந்த டப்பா. பருப்பு கீழ் தட்டு. சர்க்கரை அந்த நீல டப்பா. மேல உப்புன்னு எழுதியிருக்கும், அதைக் கண்டுக்காதீங்க."

"உப்புன்னு எதுக்கு எழுதி வச்சிருக்கே? எறும்பு படிச்சுப் பார்க்குமா?"

"எறும்புக்கு இல்ல, உங்களுக்கு. டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதுலேர்ந்து அப்படித்தான்."

வேறு நாளாக இருந்தால் அண்ணன் சிரித்திருப்பார். அண்ணி பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் பீரோவைத் திறக்கிற சத்தம், துணி சரசரக்கிற சத்தம். கடைசியில் பெட்டியின் பூட்டு டக்கென்று விழுந்தது. அண்ணன் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எப்படி இருக்கப் போகிறோம் என்று நினைத்தபோது மனசு திக்கென்றது. மாமியார் போனால் போகட்டும், தன் வேலை போனாலும் போகட்டும். இந்த ஒருத்தி போனால் என்ன மிச்சம்? பயமாக இருந்தது அவருக்கு, அதுதான் உண்மை.

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை.

"மேடம், நேத்து ஜன்னல்கிட்ட வந்து ஒண்ணு கேட்டீங்களே."

"ஆமா."

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வாழ்நாளில் அவ்வளவாகப் பழகாத வார்த்தை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"எல்லாமே இருக்கு மேடம்."

மேனேஜர் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"பழக்க தோஷம் மேடம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். லாரி, சிவப்புப் பொட்டு, கீறல் விழுந்த விரல்கள், எலி மருந்து. மேனேஜர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், சத்தம் போடாமலே சொன்னார். "உங்க ஒரு வார்த்தையை நம்பி நான் ஒரு முடிவு எடுத்தேன். ஒருத்தங்க வீட்டை விட்டுப் போகணும்ங்கற முடிவு. இருக்கறது எதுன்னு நீங்க சொன்னாத்தானே எனக்கு இல்லாதது எதுன்னு தெரியும்?" அண்ணன் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"வாங்க, திறந்து பார்ப்போம்" என்று மேனேஜர் எழுந்தார்.

எலி மருந்து பீரோவைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி அவர்கள் ஸ்டோருக்கு வந்துசேர்வதற்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஃபிட்டர் முதல் ஆளாக வந்து நின்றான். எந்த வேலை கொடுத்தாலும் "அரைமணியில முடிச்சுடுறேன்" என்பான், சாயங்காலம்தான் முடிப்பான். அதனால் அவன் பெயர் அரைமணி. அவனுக்குப் பின்னால் பாக்கிங் பெண்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணி கூட்டத்தின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் பூட்டைத் திறந்தார்.

மேல் தட்டு முழுவதும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கியர்கள், ஷாஃப்ட்டுகள். ஒன்றைப் பிரித்துக் காட்டினார், நேற்று செய்தது மாதிரி பளபளத்தது. கூட்டத்தில், "அடேயப்பா, இதைப் போன மாசம்கூட இல்லைன்னு சொன்னாரே" என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டி. மாமியாருக்கான பெல்ட்டுகள் அதில்தான். வெளியே இருந்த பெல்ட்டுகளையெல்லாம் அவ்வப்போது கொடுத்துத் தீர்த்துவிட்டு, கடைசிக் கையிருப்பென்று அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, காற்றுகூடப் போகாமல் மூடிவைத்திருந்தார்.

கம்பியை அவிழ்த்து மேலே இருந்த பெல்ட்டைத் தூக்கினார். அது அவர் கையில் ரஸ்க் மாதிரி உடைந்து விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது தூக்குவதற்கு முன்பே பொடிந்தது.

பச்சை பீரோ சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். வருஷக்கணக்காக அந்தச் சூட்டில் கிடந்தால் ரப்பர் என்ன ஆகும்? இரும்பை மட்டுமே நினைத்துக்கொண்டு இடம் பிடித்தவருக்கு ரப்பரின் ஞாபகம் வரவில்லை. அண்ணன் கறுப்புப் பொடி அப்பிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் குனிந்து துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "புது பெல்ட் செஞ்சு தர ஆள் தேடலாம். மாதிரியாவது முழுசா ஒண்ணு வேணும். அவங்க செஞ்சு குடுக்கற வரைக்கும் ஓட்டவும் கையில நாலஞ்சு வேணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது ஒண்ணும் தேறாதே அண்ணே" என்றார். அண்ணே என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அண்ணனுக்கு இன்னும் வலித்தது.

அப்போது அரைமணி தலையைச் சொறிந்தான். "மேடம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவன் வாயில் ஒரு நிமிஷம் என்று யாரும் கேட்டதில்லை. அதிசயமாக ஒரு நிமிஷத்திலேயே திரும்பியும் வந்தான், கையில் ஒரு துணிச்சுருள். பிரித்தால், புத்தம் புது மாமியார் பெல்ட்.

"இது ஏதுடா?" என்றார் அண்ணன்.

"நீங்க குடுத்ததுதான் அண்ணே."

"நான் குடுத்ததுன்னா அறுந்ததைப் பார்க்காம குடுத்திருக்க மாட்டேனே."

"பார்த்தீங்க." அரைமணி தரையைப் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஓரத்துல சிவப்பு பெயிண்ட் பட்ட ஒரு அறுந்த பெல்ட் ஞாபகம் இருக்கா? நீங்கதான் பார்த்துட்டு எடுத்துட்டுப் போன்னு தூக்கிப் போட்டுடுவீங்களே. இத்தனை வருஷமா எல்லாரும் அந்த ஒரே பெல்ட்டைத்தான் உங்ககிட்ட காட்டறோம்."

பாக்கிங் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "இப்ப அது என் லாக்கர்ல இருக்கு, போன வாரம் நான்தான் கடன் வாங்கினேன்" என்று உண்மையைப் போட்டு உடைத்தாள். அண்ணன் அவளையும் அரைமணியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சிவப்புத் தீற்றலை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், யார் இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்று திட்டியும் இருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வேண்டும்போது கேட்டால் இல்லை என்பாரே என்று பயந்து, வேண்டாதபோதே வாங்கிப் பதுக்காத ஆள் அந்தக் கம்பெனியில் இல்லை போலிருக்கிறது. ஆயில் போடுகிறவர் எலெக்ட்ரிக் பெட்டிக்குப் பின்னாலிருந்து பேரிங்கை எடுத்துவந்தார். பாக்கிங் பெண்கள் சாப்பாட்டுப் பையிலிருந்து வெட்டுப் பிளேடுகளை எடுத்துவைத்தார்கள். வாட்ச்மேன், அவருக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தமோ, ஒரு டப்பா வாஷர் கொண்டுவந்தார். ஜன்னல் பலகை நிறைந்தது. வாங்கிப்போகவே பழகிய அந்த ஜன்னலில் எல்லாரும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பெல்ட் என்று பார்த்தால், அரைமணி கொடுத்த அந்த ஒன்றுதான். ஒன்றை மாதிரிக்கு அனுப்பிவிட்டால் ஓட்டுவதற்கு எது?

கூட்டம் விலகியது. அண்ணி வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். பலகையில் இடம் ஒதுக்கி அதை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே மாமியாரின் பெல்ட்டுகள், மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, ஒவ்வொன்றின்மேலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக. மேனேஜர் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். இழுபட்டு, விட்டதும் திரும்பச் சுருங்கியது.

"எங்க வச்சிருந்தீங்க?"

"காகித உருளை வைக்கற அறையிலதான் மேடம். அங்க எப்பவும் குளிர்ச்சியா இருக்கும்" என்றார் அண்ணி.

அண்ணன் கிட்டே போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இவ்வளவும் உன்கிட்ட இருந்துச்சா? நேத்தே மேடம்கிட்ட நீட்டியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே."

"நீட்டியிருந்தா ஸ்டோர்காரர் பொய் சொன்னார்னு ஆயிருக்கும்." அண்ணியும் மெதுவாகத்தான் சொன்னார். "உங்களை நானா காட்டிக் குடுப்பேன்? சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் கறுப்புப் பொடி ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் மை ஆக்கிக்கொண்டார். அண்ணி சேலைத் தலைப்பை நீட்டினார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவர் வாங்கவில்லை. பிறகு வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் அன்றைக்கே ஒரு முடிவு சொன்னார். மாமியார் இங்கேயே ஓடும். ஒரு பெல்ட் மாதிரிக்குப் போகும், புதியவை வந்துசேரும் வரைக்கும் டின்னில் இருப்பது போதும். அண்ணி எங்கேயும் போக வேண்டாம். அங்கே இருக்கிறவர்கள் இங்கே வந்து கற்றுக்கொண்டு போகட்டும். அண்ணனுக்குத் தண்டனையும் இல்லாமல் இல்லை. பச்சை பீரோவைப் பாய்லர் சுவரை விட்டு நகர்த்தி, பூட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்க வேண்டும். எது பழையது, எது எந்த மெஷினுக்கு, எதைச் செய்ய ஆளில்லை என்று ஒவ்வொன்றின்மேலும் சீட்டுக் கட்ட வேண்டும். தானே நேரில் வந்து பார்க்காமல் இனி ஒரு சாமானும் லாரி ஏறாது என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தார். "எலி மருந்தை நீங்களே அழிங்க" என்று பெயிண்ட் டப்பாவையும் அனுப்பிவைத்தார். அண்ணன் சாயங்காலம் வரை குந்தி உட்கார்ந்து அந்த எழுத்தின் மேல் பச்சையைப் பூசினார். நடுவில் அரைமணி வந்து சின்னதாக ஒரு நட்டு கேட்டான்.

"இல்ல" என்றது வாய். உடனே தலையைச் சிலுப்பிக்கொண்டு, "இருடா, இருக்கு, எடுத்துக்க" என்றார். அரைமணி நட்டை எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்று அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். அண்ணன் உள்ளறைக்குப் போனார். கட்டில் ஓரத்தில் அந்தப் பெட்டி பூட்டியபடி நின்றுகொண்டிருந்தது. இதை முதலில் கண் மறைவாக்க வேண்டும் என்று நினைத்தார். துணியெல்லாம் அதிலேயே கிடக்கட்டும், நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். முட்டிவலியை நினைத்து மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் தூக்கினார்.

பெட்டி பொசுக்கென்று மேலே வந்தது. தூக்கிய வேகத்தில் அவர் இரண்டடி பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கைக்குட்டைகூட அசையவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா, இதுல நீ துணியே வைக்கலையா?"

அண்ணி நீல டப்பாவைத் திறந்து, அவர் டீயில் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் முழுக் கரண்டி சர்க்கரை போட்டார். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"இல்ல."